கையெழுத்துப் போடப் போன கீப்பர்

என்னை வாங்குவதற்கு இரண்டு காற்பந்து கிளப்புகள் அடித்துக்கொண்டன. ஒரு கிளப் வீடு தருகிறேன் என்றது. இன்னொரு கிளப் முதல் ஆளாக நிறுத்துகிறேன் என்றது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கெடா மாநிலத்துக் குருண் கடைத்தெருவில் கால்மேல் கால் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

பொய். தேத்தண்ணி மட்டும் நிஜம். அவர்கள் கேட்டது என்னை இல்லை, என் மச்சானை. அடித்துக்கொள்ளவும் இல்லை, தனித்தனியாகப் போன் போட்டு மரியாதையாகக் கேட்டார்கள். நான் காடி, அதாவது கார், ஓட்டினேன். ஆனால் ஓட்டுகிறவன் இல்லாமல் யாரும் கிளப் மாற முடியாது என்பதால், இந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கோல் கீப்பர். பொழுதுபோகாமல் நிற்கிறவன் இல்லை, சம்பளத்துக்கு நிற்கிறவன். குருண் கிளப்பில் ஒப்பந்தம், எங்கள் வீட்டில் சாப்பாடு. நிற்கிறவன் என்று சொன்னது கொஞ்சம் அதிகம். உட்கார்கிறவன். ஏனென்றால் கிளப்பில் முதல் கீப்பர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். அவருக்குக் காய்ச்சல் வராது, கால் சுளுக்காது, சிவப்பு அட்டையும் வாங்க மாட்டார். என் மனைவி அவருக்காகக் கோயிலில் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வரும்.

ஒருமுறை மெர்கோங் திடலில் ஆட்டம். குடும்பத்தோடு போயிருந்தோம். மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டான். எந்த ஆட்டக்காரனுக்கு வெறும் தண்ணி, யாருக்கு ஆரஞ்சுத் தண்ணி, யாருக்கு முகத்தில் ஊற்றிக்கொள்ள மட்டும் தண்ணி என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பின்னால் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் இவனைத் தண்ணி விற்கிறவன் என்று நினைத்து, குனிந்து ஒரு போத்தல் கேட்டார். இவனும் எடுத்துக் கொடுத்தான். மூடியைக்கூடத் திறந்து கொடுத்தான். பெரியவர் காசை நீட்டினார். அதை வாங்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு விஷயம் நின்றுபோனது. தினமும் காலையில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடிப்பான். தாமானே, குடியிருப்பு முழுக்க, அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கும். அந்தச் சத்தம் நின்றது. அதுவரை அந்தச் சத்தத்துக்காக என்னோடு சண்டை போட்ட பக்கத்து வீட்டு அக்கா, தானே வந்து, தம்பிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் ஒப்பந்தம் முடியப் போனது, போன்கள் வந்தன.

முதல் போன், மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பினாங்கு மாநிலத்தில் இருக்கிற பெரிய கிளப். நல்ல சம்பளம், தங்க இடம், டிவியில் வருகிற ஜெர்சி. ஆனால் அங்கே ஏற்கெனவே இரண்டு கீப்பர்கள் இருந்தார்கள். இவன் மூன்றாவது. இரண்டாவது போன், கரங்கானில் இருக்கிற சின்னக் கிளப். கரங்கான்தான் இவர்கள் பிறந்த ஊர், என் மாமியார் இன்னும் அங்கேதான் இருக்கிறார். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒரு திடல், அந்தத் திடலுக்கு ஒரு கிளப். அவர்களிடம் டிவியும் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை. ஆனால் கீப்பரும் இல்லை. வந்தால் நீதான் முதல் ஆள் என்றார்கள். மாத முடிவுக்குள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். என் மனைவி பெரிய கிளப் பக்கம். அந்த ஜெர்சியோடு பெண் கேட்டுப் போனால் பெண் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்றாள். தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் சம்பளத்தின் பக்கம். காற்பந்து ஆட்டக்காரனுடைய வயசு சீக்கிரம் முடிந்துவிடும், கிடைக்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று, வாழ்க்கையில் ஒரு பந்தையும் தொடாதவர்கள் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்கள்.

என்னிடமும் மச்சான் கேட்டான். ஏன் கேட்டான் என்றால், கிளப் மாறிய அனுபவம் அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

அதைச் சொல்லியே ஆக வேண்டும். இளவட்டத்தில் நானும் ஆடினேன். தோட்டங்களுக்குள் எழுவர் ஆட்டம் நடக்கும், ஜெயிக்கிற டீமுக்கு ஓர் ஆடு பரிசு. கோப்பையெல்லாம் கிடையாது. உயிருள்ள ஆடு, கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டிருப்பார்கள். ஆடுகிறவனுக்கு எதற்காக ஆடுகிறோம் என்பது மறக்காது. நான் பின்வரிசை. பின்வரிசையிலும் எந்தப் பக்கம் மரநிழல் இருக்கிறதோ அந்தப் பக்கம். எங்கள் டீம் ஜெயித்தால் ஆட்டைச் சமைக்கிற அண்ணன் உப்பை அள்ளிப் போட்டுவிடுவார். பக்கத்துத் தோட்டத்து டீமில் ஒரு சமையல்காரர் இருந்தார். அவர் பிரட்டிய ஆட்டுக்கறியை ஒரு தடவை ருசி பார்த்தேன், அடுத்த வாரமே கிளப் மாறினேன். காற்பந்து வரலாற்றில் கறிக்காக மாறிய பின்வரிசை ஆட்டக்காரன் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம்.

மாறிய பிறகு இறுதி ஆட்டம் யாரோடு? என் பழைய டீமோடுதான். தோற்றோம். என் பக்கத்தில்தான் கோல் போட்டார்கள், அன்றைக்கு நிழல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. பழைய டீம்காரர்கள் ஆட்டை லோரியில் ஏற்றும்போது அது என்னையே திரும்பிப் பார்த்தது. கறிக்காகக் கிளப் மாறினவனுக்கு அன்று இரவு சார்டின் டின்.

இதைத்தான் நான் மச்சானிடம் அறிவுரையாகச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, இதிலிருந்து நான் என்ன எடுத்துக்கொள்வது மாமா என்றான். அக்கா புருஷனை அவன் மாமா என்றுதான் கூப்பிடுவான். எனக்கே தெரியவில்லை. அதனால், அக்கா சொல்வதைக் கேள் என்றேன். கல்யாணமானவன் வேறு என்ன சொல்வான்? அவன் சரி என்றான். அந்தச் சரியில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

பெரிய கிளப்புக்குப் போன் போட்டுச் சொன்னான். அவர்கள் சந்தோஷப்பட்டு, மாத முடிவுக்குள் ஏதாவது ஒரு வேலை நாளில் காலையில் ஆபீசுக்கு வந்தால், டாக்டர் உடம்பைப் பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்கள். நாளைக் குறிக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். நான் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறேன். எந்த நாள் ரோட்டில் நெரிசல், எந்த நாள் காலி என்பது எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை என்றேன். வாரத்தின் முதல் வேலை நாள், ஆபீசில் எல்லோரும் புதுசாகக் குளித்துவிட்டு நல்ல மனசோடு இருப்பார்கள் என்று விளக்கமும் கொடுத்தேன். என் மனைவியும் யோசிக்கவில்லை, மச்சானும் யோசிக்கவில்லை. வேலைக்கு லீவு போட்டேன். அவள் தாமான் முழுக்கச் சொல்லிவிட்டு, திரும்பி வந்ததும் கொடுக்கப் பால்கோவா கிண்ட உட்கார்ந்தாள்.

மச்சான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். காலில் பளபளக்கிற தோல் சப்பாத்து. பின்னால் சீட்டில் ஒரு பை வைத்தான். வழியில் பிரேக் போட்டபோது பை கவிழ்ந்து, உள்ளேயிருந்து கீப்பர் கையுறை வெளியே வந்து விழுந்தது. கையெழுத்துப் போட எதற்குடா கையுறை என்று கேட்டேன். சும்மா மாமா, பழக்கம் என்றான். நான் விட்டுவிட்டேன். கல்யாணத்துக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

நெடுஞ்சாலையில் காடி பறந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். எதிரே நெரிசலே இல்லை. பார்த்தாயா என் திட்டத்தை என்று மச்சானிடம் பெருமையடித்தேன்.

கிளப் வாசலில் பெரிய இரும்புக் கதவு, அதில் பெரிய பூட்டு. பக்கத்தில் ஒரு கூண்டுக்குள் காவலுக்கு இருந்த ஜாகா அண்ணன் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நம் ஆள்தான். கீப்பர் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து காடியின் நம்பர் பலகையைப் பார்த்தார். கே என்று ஆரம்பிக்கிற பலகை. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"கெடாவா தம்பி?"

"ஆமாண்ணே."

"அதான பாத்தேன். ஆத்துக்கு இந்தப் பக்கம் ஞாயித்துக்கெழம லீவு லா. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. தெரியும். ஒவ்வொரு கெடாக்காரனுக்கும் தெரியும். எங்களுக்கு வெள்ளியும் சனியும் லீவு, அவர்களுக்குச் சனியும் ஞாயிறும் லீவு. பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான். ஆனால் ஞாயிறு காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதுவதைக் கேட்டே வளர்ந்த உடம்புக்கு அது தெரியாது. உலகம் முழுக்க ஞாயிறு காலையில் வேலைக்குப் போகிறது என்றுதான் அது நம்பும். நெரிசல் இல்லாததற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது.

மச்சான் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜாகா அண்ணன் எங்களுக்கும் ஆளுக்கொரு கை கச்சான் கொடுத்தார். நான் மனைவிக்குப் போன் போடலாமா, ஆற்றில் குதிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளப் சுவருக்கு அடுத்தாற்போல் ஒரு பொதுத் திடல். அங்கே ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஜாகா அண்ணன் விளக்கினார். பூசை முடிந்ததும் சர்ச் ஆட்கள் வருவார்கள், பக்கத்துக் கோயில் ஆட்களும் வருவார்கள், ஞாயிறானால் ஆட்டம் இருக்கும். தோற்கிற டீம் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும். இன்றைக்குச் சர்ச் டீமுக்குக் கீப்பர் இல்லை. அவர் பிள்ளைக்கு ஞானஸ்நானம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொண்டே அவர் வேலியோரம் போய், இங்கே ஒரு கீப்பர் சும்மா நிற்கிறார் என்று அவர்களிடம் சத்தம் கொடுத்துவிட்டார்.

நான் குறுக்கே விழுந்தேன். நாளைக்கு டாக்டர் இவன் உடம்பைப் பார்க்கப் போகிறார். ஒரு விரல் வீங்கினாலும் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் வீட்டுக்குள் எனக்கு இடம் இல்லை. இதையெல்லாம் நான் மச்சானிடம் சொல்லச் சொல்ல, அவன் காடிக் கதவைத் திறந்து பையைத் துழாவிக்கொண்டிருந்தான். சப்பாத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தான். தேய்த்த சட்டையோடு, கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு போய் கோலுக்குள் நின்றான்.

நான் சப்பாத்தோடு கோலுக்குப் பின்னால் நின்றேன். கோயில் டீமில் யார் பந்தோடு வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அண்ணே, மெதுவா அடிங்கண்ணே. இது வேற கிளப்போட சாமான். ஒடஞ்சா நாந்தான் பதில் சொல்லணும்."

அவர்களும் நல்லவர்கள்தான். முதலில் வந்த பந்து கோழிமுட்டை உருள்வதுபோல் உருண்டு வந்தது. மச்சான் குனிந்தான். நான் சொன்ன விரல் ஞாபகம் வந்ததோ என்னவோ, கையை முழுசாக நீட்டவில்லை. பந்து அவன் காலுக்கு நடுவில் புகுந்து கோலாகிவிட்டது. சர்ச் டீமின் பின்வரிசையில் ஒரு தடித்த அண்ணன் இருந்தார், மீன் சந்தையில் கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. அவர் இடுப்பில் கை வைத்துத் திரும்பினார்.

"தம்பி, சட்டை கசங்காம பாத்துக்கணும்னா போட்டோக் கடைக்குப் போயிருக்கலாம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானுக்குக் காது சிவந்தது. அடுத்த பந்துக்கு அவன் விழுந்த விழுகையை நான் மறக்க மாட்டேன். முந்தின நாள் மழையில் கோல் வாசல் குளமாக இருந்தது. வெள்ளைச் சட்டையோடு அதில் குறுக்கே பாய்ந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டான். எழுந்தபோது ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சேறு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் கத்திக்கொண்டிருந்தான். வலியில் என்று நினைத்து ஓடினேன். வலி இல்லை. பின்வரிசையைத் திட்டிக்கொண்டிருந்தான். நீ இந்தப் பக்கம் வா, அவனை விடாதே, லைனை ஏற்று, தூங்குகிறாயா என்று தொண்டை கிழிய. அந்த மீன்கடை அண்ணனையே அதட்டினான். அவரும் அடக்க ஒடுக்கமாகச் சொன்ன இடத்தில் போய் நின்றார்.

எங்கள் வீட்டில் இவன் வாயைத் திறப்பது சம்பல் வேண்டும் என்று கேட்பதற்குத்தான். இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. பெஞ்சில் இருக்கிறவன் யாரைப் பார்த்துக் கத்துவான்? ஐஸ் பெட்டியையா?

அப்புறம் நான் கும்பிடுவதை நிறுத்திவிட்டேன். கும்பிட்டாலும் யாரும் கேட்கவில்லை. கோயில் ஆட்களுக்கு ஆட்டம் சூடேறிவிட்டது. நல்ல கீப்பர் ஒருவன் கிடைத்தால் அவனுக்குக் கோல் போட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆளாளுக்கு அடித்தார்கள். இவன் குத்தினான், தட்டினான், நெஞ்சில் வாங்கினான், ஒரு தடவை மூக்கிலும் வாங்கினான். ஒவ்வொரு தடவையும் எழுந்து சிரித்தான். ஜாகா அண்ணன் கூண்டை விட்டு வெளியே வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே விசில் ஊதி நடுவர் வேலையும் பார்த்தார்.

சர்ச் டீம் எப்படியோ இரண்டு கோல் போட்டுவிட்டது. கடைசியில் கோயில் டீமுக்கு ஒரு பினால்டி. அதை அடிக்க வந்தவர் கோயில் உறுமி மேளக்காரர் என்றார்கள். கையைப் பார்த்தால் காலே பரவாயில்லை, காலைப் பார்த்தால் கையே பரவாயில்லை, அப்படி ஓர் உருவம். நான் மச்சானின் காதுக்குப் பக்கத்தில் போய், விட்டுவிடு, சமமாக முடிந்தால் தேத்தண்ணிக் காசை நான் தருகிறேன் என்றேன். அவன் திரும்பவே இல்லை.

"மாமா, மறைக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

மேளக்காரர் அடித்தார். இவன் வலது பக்கம் பாய்ந்தான். பந்து அவன் உள்ளங்கையில் பட்ட சத்தம் இருக்கிறதே, எங்கள் வீட்டுப் பின்சுவரில் முன்பு கேட்ட அதே சத்தம். பந்து வெளியே போனது. சர்ச் ஆட்கள் இவனைத் தூக்கிக்கொண்டார்கள். நான் எல்லோரையும் விலக்கி, முதலில் ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கிப் பார்த்தேன். எல்லாம் மடங்கின. அதற்குப் பிறகுதான் நானும் குதித்தேன்.

வரவேண்டிய கீப்பர் ஞானஸ்நானப் பிள்ளையோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் எங்களை விடவில்லை, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் பிரியாணி போட்டார். சேற்றோடு உட்கார வேண்டாம் என்று மச்சானுக்கு மட்டும் பழைய பேப்பர் விரித்தார்கள். நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்று என் மனைவி சொன்னது நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

காடிக்குத் திரும்பினோம். நாளைக்கு மறுபடியும் லீவு கேட்டால் என் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் கையுறையை மடியில் வைத்திருந்தான். காடியைக் கிளப்புவதற்கு முன்னால் அவன்தான் பேசினான்.

"மாமா, நாளைக்கி வர வேணாம்."

"ஏன்டா? நாளைக்கித் தொறந்திருக்கும்லா. திங்கக்கெழம. இந்தத் தடவ நல்லா விசாரிச்சுட்டேன்."

"அது இல்ல. அங்க போனா நல்ல கிளப்புல இருக்கேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் சொல்லிக்கலாம். ஆனா எனக்கு நிக்கணும் மாமா. கோலு வுட்டாக்கூட நான் வுட்டதா இருக்கணும். இன்னிக்கி மொத பந்த வுட்டேன்ல, அந்த அண்ணன் திட்டுனாரு. எவ்ளோ நாளாச்சு என்னய ஒருத்தர் திட்டி."

அறிவுரை சொல்ல வாயைத் திறந்தேன். ஆடுதான் ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டேன். அவன் என்னைப் போல் கறிக்காக மாறுகிறவன் இல்லை. கறி இருக்கிற இடத்தை விட்டுவிட்டு ஆட்டம் இருக்கிற இடத்துக்குப் போகிறேன் என்கிறான். பெரிய கிளப்புக்கு அவனே போன் போட்டான். லீவு நாளில் தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வரவில்லை என்று மரியாதையாகச் சொன்னான். அவர்களும் வாழ்த்தித்தான் வைத்தார்கள்.

வடக்கே திரும்ப வேண்டிய காடியைக் கூலிம் பக்கம் திருப்பினேன். கரங்கான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. கெடாவுக்குள் வந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வேலை நாளாகிவிட்டது, எல்லாக் கடையும் திறந்திருந்தது. அந்தச் சின்னக் கிளப்புக்கு ஆபீஸ் என்று தனியாகக் கிடையாது. டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஒரு மேசை. டயர்க் கடை முதலாளியான சீனத் தௌகேதான் மேனேஜர். தலையிலிருந்து கால்வரை காய்ந்த சேற்றோடு ஒரு கீப்பர் படியேறி வருவதைப் பார்த்து, எங்கேயாவது விழுந்துவிட்டீர்களா என்று மலாயில் கேட்டார். ஆமாம், வேண்டுமென்றே விழுந்தான் என்றேன். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். பஸ் கிடையாது. ஜெர்சியை நீயே துவைத்துக்கொள்ள வேண்டும். திடலில் வலது பக்கம் தண்ணி நிற்கும். ஆனால் கோல் உன்னுடையது. மச்சான் கையெழுத்துப் போட்டான். பேனாவை வைத்துவிட்டு, பயிற்சி எப்போது என்று கேட்டான். சாயங்காலம் என்றார். இன்றைக்கேவா என்றேன் நான். இன்றைக்கேதான் என்று அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மிச்சம் இருந்தது என் மனைவி. போனை ஸ்பீக்கரில் போட்டு டயர் அடுக்கின்மேல் வைத்துவிட்டு நான் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டேன். மச்சான் கரங்கானில் கையெழுத்துப் போட்டதைச் சொன்னான். அந்தப் பக்கம் கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"இது நீ எடுத்த முடிவா, உன் மாமா எடுத்த முடிவா?"

"நாந்தான்க்கா."

"நெசமா?"

"நெசமாக்கா. ரொம்பச் சந்தோசமா இருக்கு."

"அப்பச் சரி. அவரு எடுத்திருந்தா கெழமைய மாத்தி எடுத்திருப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை நாங்கள் இன்னும் அவளிடம் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா காலையிலேயே வந்து, பினாங்கில் இன்றைக்கு ஆபீஸ் லீவாயிற்றே என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் எங்களுக்கு ஏன் போன் போடவில்லை என்று கேட்டதற்கு, எவ்வளவு தூரம்தான் போவீர்கள் என்று பார்க்கலாம் என்று இருந்தேன் என்றாள். பால்கோவாவைத் தாமானுக்கும் கொடுத்தாள், மறுநாள் ஒரு டப்பாவில் கரங்கானுக்கும் அனுப்பினாள். டயர்க் கடைத் தௌகே இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்.

மச்சான் இப்போது கரங்கானில் என் மாமியார் வீட்டில் இருக்கிறான். அவர் வீட்டுப் பின்சுவரில்தான் இப்போது சாந்து உதிர்கிறது. நான் வெள்ளிக்கிழமைதோறும் மனைவியை ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். அவர்கள் பயிற்சி செய்யும்போது கோலுக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இதோ இப்போதும் பயிற்சி நடக்கிறது, பள்ளிக்கூடத்தில் எழுதாததையெல்லாம் இங்கே உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல வேண்டியதே இனிமேல்தான் இருக்கிறது. முதல் ஆட்டம். ஒரு கோல் வாங்கிவிட்டான். சாதாரணப் பந்து, நானே பிடித்திருப்பேன் என்று சொல்லலாம், சொல்ல மாட்டேன். கரங்கான் ஆட்கள் இவனை வகைவகையாகத் திட்டினார்கள், மாமியாரும் சேர்ந்துதான். இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தீபாவளிச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தான். அப்புறம் நாங்களும் ஒன்று போட்டோம். ஆட்டம் முடியப் போகிற நேரம், அவர்கள் ஆள் ஒருவன், நெட்டையன், வலது பக்கம் தேங்கிய தண்ணியைச் சுற்றிக்கொண்டு தனியாக வந்துவிட்டான். முன்னால் மச்சானைத் தவிர யாருமே இல்லை. நான் வாளியை விட்டு எழுந்துவிட்டேன். நெட்டையன் காலைப் பின்னால் இழுக்கிறான், மச்சான் கோட்டை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து கையை விரித்து...

"மாமா, எழுதுனது போதும். பந்து செம்பனைக்குள்ள போயிருச்சி. பாம்பு கெடக்கும், கம்ப எடுத்துக்கிட்டுப் போங்க."